வண்டி நிற்பதற்கு முன்: போக்குவரத்து வேலைநிறுத்தங்களும் தாம்பரம் புறநகரும்

2018 ஜனவரி 4 அன்று குரோம்பேட்டையில், மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பயிற்சி மையத்தில் நடந்த ஊதியப் பேச்சு முறிந்தது. போக்குவரத்து அமைச்சர் எம்.ஆர். விஜயபாஸ்கர் தலைமையிலான அரசுத் தரப்பு, ஊதியத்தை உயர்த்தும் பெருக்கு எண் 2.44 மடங்கு என்றது. திமுகவின் தொமுச, இடதுசாரிகளின் சிஐடியு உள்ளிட்ட சங்கங்கள் 2.57 மடங்குக்குக் குறையாது என்றன. அதிமுகவின் அண்ணா தொழிற்சங்கப் பேரவையும் வேறு சில சங்கங்களும் அரசு சொன்ன கணக்குக்குக் கையெழுத்திட்டன. மற்றவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அன்று மாலையே பேருந்துகள் பணிமனைகளுக்குத் திரும்பத் தொடங்கின. வேலை முடிந்து வீடு திரும்ப நின்றவர்கள் நிறுத்தங்களிலேயே விடப்பட்டார்கள். அதன்பின் எட்டு நாட்கள், பொங்கலுக்கு மூன்று நாட்கள் இருக்கும்வரை, தமிழ்நாட்டின் அரசுப் பேருந்துகள் பெரும்பாலும் ஓடவில்லை.

தொலைக்காட்சியிலும் தேநீர்க் கடையிலும் அப்போது எழுந்த கேள்வி ஒன்றுதான்: வண்டியை நிறுத்த இவர்களுக்கு என்ன உரிமை? நியாயமான கேள்வி. ஆனால் அது ஜனவரி 4 மாலையில் தொடங்குகிறது. தகராறோ அதற்குப் பதினாறு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 12-ஆவது ஊதிய ஒப்பந்தம் 2016 ஆகஸ்ட் 31 அன்றே காலாவதியாகிவிட்டது. அந்தப் பதினாறு மாதங்களை விவாதத்துக்குள் கொண்டுவந்தால் உரிமை, பொறுப்பு, பொதுமக்கள் என்ற சொற்கள் எப்படி இடம் மாறுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்குத் தாம்பரத்தையும் அதைச் சுற்றிய தென்சென்னைப் புறநகரையும் எடுத்துக்கொள்கிறேன். பேச்சு நடக்கும் இடமும் குரோம்பேட்டைதான்; பேச்சு முறிந்தால் முதலில் தவிக்கும் ஊர்களும் இவைதான்.

பழைய வழக்கு

பொதுச் சேவையில் இருப்பவர் வேலையை நிறுத்தலாமா என்ற வாதம் இப்பகுதிக்குப் புதிதல்ல. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்தை நடத்திய தென்னிந்திய ரயில்வேயில் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1928 ஜூலையில், ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. போராட்டத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 1974 மே 8 முதல் 27 வரை நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தை இந்திரா காந்தி அரசு கைதுகளாலும் பணிநீக்கங்களாலும் முறித்தது. அப்போது கேட்கப்பட்ட போனஸ், அரசு மாறிய பிறகு 1979-இல் ரயில்வே ஊழியருக்குக் கிடைத்தது. மறுக்க முடியாத கோரிக்கை என்று ஐந்தாண்டு கழித்து ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றுக்காகத்தான் 1974-இல் அத்தனை குடும்பங்கள் அடிபட்டன.

தமிழ்நாட்டின் நினைவில் ஆழமாகப் பதிந்திருப்பது 2003. ஓய்வூதியப் பலன்களிலும் விடுப்புச் சலுகைகளிலும் வெட்டு விழுந்ததை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை 2 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை, மக்கள் வாயில் 'டெஸ்மா'வை, அவசரச் சட்டம் கொண்டு இறுக்கி ஏறத்தாழ 1,70,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. நடுத்தர வர்க்கத்தில் ஒரு பெரும்பகுதி அதை வரவேற்றது என்பதை மறைக்கத் தேவையில்லை. தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காகப் பல முறை அலைந்தவருக்கு அந்த ஊழியர்மேல் பரிவு வராதது இயல்பு. உச்ச நீதிமன்றத் தலையீட்டுக்குப் பின் பெரும்பாலானோர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி ஒரு தொகுதியிலும் வெல்லாததை அடுத்து, ஊழியர்மீதான நடவடிக்கைகள் பலவும் திரும்பப் பெறப்பட்டன.

தீர்ப்பு யாரைப் பற்றியது?

அந்தப் போராட்டத்தின் விளைவாக வந்த டி.கே. ரங்கராஜன் வழக்கின் தீர்ப்பு இன்றுவரை விவாதத்தின் அடித்தளமாக இருக்கிறது. 2003 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் அமர்வு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்டப்பூர்வ உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று கூறியது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்பது 1962-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். தார்மிகம் பற்றிய கூற்றுதான் 2003-இல் புதிது. அதற்கு முன் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் போன்றோர் எழுதிய தீர்ப்புகள் வேலைநிறுத்தத்தைக் கூட்டுப் பேரத்தின் ஓர் உறுப்பாகவே கண்டிருந்தன. எனவே 2003 தீர்ப்பை இந்தியச் சட்டத்தின் ஒரே குரலாகக் கொள்வது சரியான வாசிப்பாகாது.

இன்னொரு பிழை அதைவிடப் பெரியது. அந்தத் தீர்ப்பு நடத்தை விதிகளுக்கு உட்பட்ட அரசு ஊழியரைப் பற்றியது. அரசுப் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் அந்த வகையில் வருவதில்லை. அவர்கள் 2025 நவம்பர் வரை 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளர்களாக இருந்தார்கள். அந்தச் சட்டம் அவர்களுக்கு வேலைநிறுத்தத்தைத் தடை செய்யவில்லை, நெறிப்படுத்தியது. 22-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்துப் பதினான்கு நாட்கள் கடக்க வேண்டியிருந்தது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்த ஏழு நாட்களுக்குள்ளும் வேலையை நிறுத்தத் தடை இருந்தது. பேச்சு முறிந்த மாலையிலேயே, பயணிகள் நடுவழியில் நிற்க, வண்டிகளைத் திருப்பியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. தொழிற்சங்க இயக்கத்தின்மீது பரிவுள்ளவர்களே இதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே சட்டம் மறுபக்கத்துக்கும் கடமை விதித்தது. பொதுப் பயன்பாட்டுச் சேவையில் 22-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்துவிட்டால் சமரச அதிகாரி பேச்சைத் தொடங்கியே ஆக வேண்டியிருந்தது. தீர்வு வராவிட்டால், நோட்டீஸ் வீணானது என்றோ அனுப்புவது உசிதமல்ல என்றோ கருதினாலன்றி, அரசு தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது 10-ஆம் பிரிவு. சிக்கல் இங்கேதான் இருந்தது. போக்குவரத்துக் கழகத்தின் முதலாளி அரசு. சமரசம் செய்யும் தொழிலாளர் துறையும் அரசு. தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுத்ததும் அரசு. தகராறின் ஒரு தரப்பே நடுவரின் வாசலில் காவல் நின்றது. தொழிலாளியின் நாட்கள் எண்ணப்படுகின்றன. அரசின் நாட்களை எண்ணுவார் இல்லை.

பொதுமக்கள் என்பவர் யார்?

வேலைநிறுத்தம் வந்தால் 'பொதுமக்கள் அவதி' என்று தலைப்பு வருகிறது. தாம்பரத்தில் நின்று பார்த்தால் அந்த அவதி எல்லார்மேலும் ஒரே அளவில் விழுவதில்லை என்பது தெரியும். ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிளந்து வடக்கு தெற்காக ஓடுகிறது. மாம்பலத்துக்கோ எழும்பூருக்கோ போகிறவருக்குப் பேருந்து நின்றாலும் மின்சார ரயில் இருக்கிறது. நெரிசல் கூடும், வேலைக்குப் போய்விடலாம். குறுக்காகப் போகிறவருக்குத்தான் வழியில்லை. மேற்கே முடிச்சூர், குன்றத்தூர், பூந்தமல்லி. கிழக்கே சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம், சோழிங்கநல்லூர். இந்தத் திசைகளில் பேருந்தை விட்டால் ஷேர் ஆட்டோதான்.

சோழிங்கநல்லூரின் மென்பொருள் வளாகத்தில் கணினி முன் அமர்பவரை அழைத்துச் செல்லப் பெரும்பாலும் நிறுவனத்தின் வண்டி வரும். அதே வளாகத்தின் தரையைத் துடைக்கப் போகும் பெண் காலை ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவருடைய போக்குவரத்துச் செலவு பூஜ்யமானது. வேலைநிறுத்த நாளில் அது திடீரென்று ஷேர் ஆட்டோக் கட்டணமாக, இரண்டு வண்டி மாறினால் இரண்டு கட்டணமாக எழுகிறது. போகாவிட்டால் ஒப்பந்ததாரர் அன்றைய கூலியைப் பிடித்துக்கொள்வார். குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ தாம்பரம் சானடோரியத்தின் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ மாத்திரை வாங்க வருகிறவர் நிலையும் இதுவே.

'பொதுமக்களைப் பணயம் வைக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டில் உள்ள உண்மையை இந்தப் பெண்ணை வைத்துத்தான் அளக்க வேண்டும். தொழிற்சங்க மேடைகளில் அவர் பெயர் அதிகம் கேட்பதில்லை. சங்கங்களின் பெரிய குறை இது. தாம்பரத்தின் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத் தொழிற்சாலைகளில் குறைந்த கூலிக்கு வேலை பார்க்கும் தொழிலாளி, 'நிரந்தர வேலை, பென்ஷன், இதற்கு மேல் என்ன வேண்டும் இவர்களுக்கு' என்று கேட்டால் அதைப் பொறாமை என்று தள்ளிவிடுவதும் தவறு. தனக்கு எந்த மேடையும் இல்லாதவரின் கேள்வி அது.

பண்டிகைக் காலம் இந்தப் புறநகருக்கு இன்னொரு சுமை. கோயம்பேட்டு நெரிசலைக் குறைக்கப் பொங்கல் சிறப்புப் பேருந்துகளைச் சில ஆண்டுகள் தாம்பரம் சானடோரியத்திலிருந்தும் தாம்பரம் ரயில் நிலையத்தை ஒட்டியும் இயக்கினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பத்தே நாளில், 2024 ஜனவரி 9 அன்று, அடுத்த வேலைநிறுத்தம் வந்தது. தென் மாவட்டப் பயணத்தின் வாசலை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாயிற்று. அங்கே இறங்கியவரை நகருக்குள் கொண்டுவர ரயில் நிலையம் அப்போது இல்லை. மாநகரப் பேருந்து ஒன்றையே நம்பி அமைந்த முனையம் அது. நகரம் இப்படி விரிய விரிய, பேருந்து நிற்பதன் விலையும் ஏறுகிறது. அந்த விலையை ஏற்றியதில் திட்டமிட்டவர்களுக்கும் பங்கு உண்டு.

சம்பளச் சீட்டில் பிடித்த பணம்

2018 போராட்டம் 0.13 மடங்குக்காக நடந்தது என்று அப்போது கேலியாகச் சொல்லப்பட்டது. அந்த 2.57 எங்கிருந்து வந்தது? ஏழாவது ஊதியக் குழுவின் பெருக்கு எண் அது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2017 அக்டோபரில் அதையே ஏற்றுக்கொண்டது. வேலைநிறுத்தம் என்றால் அத்தியாவசியச் சேவை, ஊதியம் என்றால் நஷ்டத்தில் ஓடும் கழகம் என்று இரண்டு அளவுகோல் வைத்ததைத்தான் தொழிலாளர்கள் கேட்டார்கள்.

அதைவிடக் கனமான குறை ஊதிய விகிதம் அல்ல, நிலுவை. ஒரு நடத்துநரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்த்தால் பிடித்தங்களின் வரிசை நீளும்: வருங்கால வைப்பு நிதி, எல்ஐசி பிரீமியம், கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை. சீட்டில் பிடித்தாயிற்று என்றிருக்கும். ஆனால் பிடித்த பணம் உரிய இடத்துக்குப் போகாமல் டீசலுக்கும் உதிரிபாகத்துக்கும் செலவாகிவிட்டது என்பதுதான் ஆண்டுக்கணக்கில் எழுந்த புகார். முப்பது ஆண்டு ஓட்டியவர் ஓய்வு பெறும் நாளில் மாலையோடு வீட்டுக்குப் போனார்; பணிக்கொடைக்கும் வைப்பு நிதிக்கும் மாதக்கணக்கில் காத்திருந்தார். 2017 மே மாத வேலைநிறுத்தம் இதற்காகத்தான் நடந்தது. 2018 போராட்டத்தின் நடுவில், ஓய்வு பெற்றோர் நிலுவைக்காக 750 கோடி ரூபாய் தரப்படும் என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார். கடன் இருந்தது என்பதற்கு அரசின் வாக்குமூலமே சாட்சி. 2024 போராட்டத்திலும் ஓய்வு பெற்றோருக்கு 96 மாதங்களாக நிறுத்தப்பட்ட அகவிலைப்படி முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று.

கழகம் ஏன் அந்தப் பணத்தில் கை வைத்தது? 2011-க்குப் பின் 2018 வரை கட்டணம் உயரவில்லை. டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. மாணவர் பயணச் சலுகைக்கும் நஷ்டத் தடங்களுக்கும் அரசு தர வேண்டியது முழுமையாக வரவில்லை. குறைந்த கட்டணமும் லாபம் பாராத தடங்களும் நல்ல கொள்கைகள்; அவற்றைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அந்தச் செலவை வரிப்பணத்திலிருந்து ஏற்காமல் ஓட்டுநரின் வைப்பு நிதியிலிருந்து ஏற்றால் அதற்குப் பெயர் சமூக நலம் அல்ல. தாம்பரத்திலிருந்து பூந்தமல்லிக்கு மலிவான கட்டணத்தில் போன பயணிக்கும் அந்த வண்டியை ஓட்டியவருக்கும் நடுவே இப்படியொரு கொடுக்கல் வாங்கல் இருவரும் அறியாமலே நடந்தது. வேலைநிறுத்தம் முடிந்த ஒன்பதாவது நாள், 2018 ஜனவரி 20 அன்று, கட்டணம் உயர்ந்தது. நகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. மாணவர்கள் தெருவுக்கு வந்த பின் சிறிது குறைத்தார்கள். ஆறு ஆண்டு சேர்ந்த சுமை ஒரே நாளில் இறங்கியபோது பயணியின் கோபம் தொழிலாளியின் பக்கம் திரும்பியது.

சங்கங்களின் கட்சி நிறம்

இவை அரசியல் வேலைநிறுத்தங்கள் என்ற வாதத்துக்குச் சான்று இருக்கிறது. அதிமுக ஆட்சியில், 2018-இல், தொமுச போராடியது. அண்ணா தொழிற்சங்கப் பேரவை கையெழுத்திட்டது. திமுக ஆட்சியில், 2024-இல், பேரவை போராடியது; தொமுச விலகி நின்றது. ஆட்சி மாறியதும் இரண்டு பெரிய சங்கங்களும் நாற்காலி மாற்றிக்கொண்டன. பயணிக்கு இதனால் ஏற்படும் அவநம்பிக்கை நியாயமானது. ஆளுங்கட்சியின் கிளையாக இயங்கும் சங்கம் தொழிலாளியின் கோரிக்கையைப் பாதி வழியில் விட்டுவிடும்.

ஆனால் இதே சான்றை மறுபடி படிக்க வேண்டும். சங்கங்கள் இடம் மாறின, கோரிக்கை மாறவில்லை. 13-ஆவது ஒப்பந்தம் 2016 செப்டம்பரில் வந்திருக்க வேண்டியது, 2018 ஜனவரியில் வந்தது. 14-ஆவது 2019 செப்டம்பரில் வந்திருக்க வேண்டியது. இடையில் 2021 பிப்ரவரியில் மூன்று நாள் வேலைநிறுத்தம் நடந்தும், 2022 ஆகஸ்டில்தான் கையெழுத்தானது. 15-ஆவது 2023 செப்டம்பருக்கு உரியது, 2025 மே மாதத்தில் முடிந்தது. இரண்டு கட்சிகள், நான்கு முதலமைச்சர்கள், ஒரே தாமதம். எதிர்க்கட்சித் தூண்டுதல் மட்டுமே காரணம் என்றால் தாமதம் ஏதாவதொரு ஆட்சியிலாவது நின்றிருக்க வேண்டும்.

எட்டாம் நாள் வந்த நடுவர்

2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு கட்டமாகத் தலையிட்டது. ஜனவரி 5 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி அமர்வு, பணிக்குத் திரும்ப வேண்டும், இல்லையேல் நடவடிக்கை வரும் என்று உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் வண்டிகள் ஓடவில்லை. ஜனவரி 11 அன்று ஓய்வு பெற்ற நீதிபதி இ. பத்மநாபனை நடுவராக நியமித்தது நீதிமன்றம். அன்று இரவே போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மிரட்டலால் ஆகாதது நடுவரால் ஆயிற்று. 2024-இலும் அப்படியே: பொங்கலை முன்னிட்டு நீதிமன்றம் கேட்டுக்கொண்டதும், ஜனவரி 19 பேச்சுவரை நிறுத்திவைக்கச் சங்கங்கள் இரண்டாம் நாளே ஒப்பின. இரு நிகழ்வுகளும் காட்டுவது ஒன்று. நம்பத்தக்க மூன்றாம் தரப்பு வந்தால் தொழிலாளி வண்டியை எடுக்கிறார். அப்படியானால் அந்த நடுவர் எட்டாம் நாள் வருவானேன்? ஒப்பந்தம் காலாவதியான மறுநாளே ஏன் வரக்கூடாது?

உலக நாடுகளின் நடைமுறையும் இந்தத் திசையில்தான் போகிறது. உயிருக்கும் உடல்நலத்துக்கும் நேரடி ஆபத்து வரும் சேவைகளையே கண்டிப்பான பொருளில் அத்தியாவசியம் என்கின்றன பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் குழுக்கள். நகரப் போக்குவரத்தை அவை அதில் சேர்ப்பதில்லை. குறைந்தபட்சச் சேவை கோரலாம் என்கின்றன. எங்கே வேலைநிறுத்தம் தடுக்கப்படுகிறதோ அங்கே அதற்கு ஈடாக விரைவான, நடுநிலையான நடுவர் முறை இருக்க வேண்டும் என்பது அவற்றின் நிலை. இத்தாலியில் 1990-ஆம் ஆண்டின் 146-ஆம் எண் சட்டப்படி வேலைநிறுத்த நாளிலும் குறிப்பிட்ட நேரங்களில் வண்டி ஓடியாக வேண்டும். அதைக் கண்காணிக்க அரசிடமிருந்து தனித்து நிற்கும் ஓர் ஆணையம் உண்டு. இந்தியா சங்கம் அமைக்கும் உரிமை, கூட்டுப் பேரம் பற்றிய 87, 98-ஆம் எண் உடன்படிக்கைகளை இன்னும் ஏற்கவில்லை.

நம் புதிய சட்டம் பாதியைத்தான் செய்திருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, நோட்டீஸ் கட்டாயத்தை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்தது. பாதிப்பேரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம் என்றது. வழக்கு தீர்ப்பாயத்தில் இருக்கும்வரையும் அதன்பின் 60 நாட்களும் நிறுத்தக் கூடாது என்றது. அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் தீர்ப்பாயத்தை நேரடியாக அணுக வழிவிட்டது நல்ல மாற்றம். ஆனால் தீர்ப்பு எப்போது வரும் என்பதற்குப் பயனுள்ள கெடு இல்லாவிட்டால், வழக்குப் போட்டே போராட்டத்தைக் காலவரையின்றித் தள்ளலாம்.

இதற்கிடையில் முதலாளி யார் என்பதே மங்கி வருகிறது. 2023 மே 29 மாலை, ஒப்பந்த ஓட்டுநர் நியமனத்தை எதிர்த்து மாநகரப் பேருந்துகள் சில மணி நேரம் நின்றன. 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து புறப்பட்ட மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் கழகத்தவர், ஓட்டுநர் தனியார் நிறுவனத்தவர். ஒரே வண்டியில் இரண்டு முதலாளிகள். நாளை அந்த ஓட்டுநருக்குச் சம்பளம் தாமதமானால் அவர் யாரிடம் நோட்டீஸ் கொடுப்பார், மேடவாக்கத்தில் நிற்கும் பயணி யாரைக் கேட்பார்?

என் முடிவு இது. வேலைநிறுத்த உரிமை வேண்டும். அது முன்னறிவிப்போடு, ரயில் இல்லாத குறுக்குத் தடங்களிலும் மருத்துவமனைத் தடங்களிலும் காலை மாலை வண்டி ஓடும் உறுதியோடு வேண்டும். அந்த உறுதியைச் சங்கங்கள் சட்டத்துக்குக் காத்திராமல் தாங்களே அறிவிக்கலாம். பயணியின் பரிவு அன்றே பாதி திரும்பிவிடும். அரசு தன் பக்கத்தில், ஒப்பந்தம் காலாவதியானதும் தானாக ஒரு நடுவர் அமர்வதையும், அவர் தீர்ப்புக்கு 90 நாள் கெடுவையும், பிடித்த பணத்தை வேறெதற்கும் தொட முடியாத தனிக் கணக்கையும் ஏற்க வேண்டும். 15-ஆவது ஒப்பந்தத்தின் நான்காண்டுக் காலம் 2027 ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. அடுத்த பேச்சு அநேகமாகக் குரோம்பேட்டையில்தான் நடக்கும். அது என்றைக்குத் தொடங்குகிறது என்று இப்போதே கேளுங்கள்.